கான்ட்ராக்ட் பசங்களையும் கணக்குல எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கார் கம்பெனில ஆட்குறைப்புன்னு செய்தி வர்றப்பல்லாம் பெர்மனென்ட் ஆளுங்க எண்ணிக்கைய மட்டும்தான் பேப்பர்ல போடுறீங்க. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இங்க உற்பத்திய நிறுத்துறோம்னு சொன்னப்ப மறைமலை நகர், குஜராத் ரெண்டும் சேத்து சுமார் 4,000 பேருன்னு எல்லாரும் போட்டீங்க. அவங்களுக்கு சீட்டு, ஒயரிங், பிளாஸ்டிக் பார்ட்ஸ் செஞ்சு குடுத்த வெண்டர் கம்பெனி பசங்க அந்தக் கணக்குல எங்க இருந்தாங்க?

எங்க அக்கா மகன் காரைக்குடில ஐடிஐ முடிச்சுட்டு ஒரகடம் பக்கம் ஒரு எஞ்சின் பார்ட்ஸ் கம்பெனிக்குப் போனான். அதே லைன், அதே மெஷின்தான், ஆனா பிஎஃப் பாஸ்புக்க வாங்கிப் பாத்தா மூணு கான்ட்ராக்டர் பேரு இருக்கு. ஆட்குறைப்புன்னா வேலை பாத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடா குடுக்கணும், முன்னாடியே நோட்டீஸும் குடுக்கணும்னு சட்டம் இருக்கு, ஆனா கான்ட்ராக்டர் பேர மாத்த மாத்த சர்வீஸ் மறுபடி ஒண்ணுல இருந்துன்னு சொல்லிடுறாங்க, அப்புறம் எத்தன வருஷத்துக்குன்னு நஷ்டஈடு கேக்குறது? போன தை மாசம் ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்து படுத்தவனுக்கு ஆர்டர் இல்ல, இனி வரவேணாம்னு சூப்பர்வைசர் வாட்ஸ்அப்ல போட்டாராம். ரிலீவிங் லெட்டர்கூட தரல. எனக்கு வயிறு எரியுது சார்.

எலக்ட்ரிக் காருக்கு பிஸ்டன் வேணாம், சைலன்சர் வேணாம், அதனால எஞ்சின் வேலை குறையத்தான் செய்யும், அது எனக்கும் தெரியுது. ஆனா ஜெர்மனில ஃபோக்ஸ்வேகன் 2030க்குள்ள 35,000 வேலைய குறைக்கிறதுக்கு 2024 டிசம்பர்ல யூனியனோட உக்காந்து பேசி, யாரையும் கட்டாயமா அனுப்ப மாட்டோம்னு ஒப்பந்தம் போட்டாங்களே. இங்க எங்க பசங்களுக்காக உக்காந்து பேச யூனியனும் இல்ல.

இதுல மனசு ஆறாத விஷயம், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் குடுத்து வந்த சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எங்க காரைக்குடிலயே இருக்கு, லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியெல்லாம் அங்க நடக்குது, அந்தப் பக்கமா போய்ட்டு வந்த பையன் இப்ப புதுவயல்ல ஒரு பைக் கடைல பஞ்சர் ஒட்டுறான். சிக்ரியும் ஐடிஐயும் சேந்து வேலை போன பசங்களுக்கு பேட்டரி பேக், சார்ஜர், மோட்டார் சர்வீஸ்னு ஒரு ஆறு மாச கோர்ஸ் நடத்தலாம், உதவித்தொகைய அரசு குடுக்கட்டும். நீங்களும் அடுத்த தடவ ஆட்குறைப்பு செய்தி போடும்போது கான்ட்ராக்ட் ஆளுங்க எத்தன பேருன்னு கம்பெனிகிட்டயும் லேபர் ஆபீஸ்லயும் கேட்டு அந்த நம்பரையும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோட்டையூர்