கதைக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் சிறுகதைப் பக்கத்தை வெகுநாளாகப் படித்து வருகிறேன். தலைப்புக்குக் கீழே எழுதியவர் பெயர் இருக்கும். அதற்கும் அடியில், பொடி எழுத்தில், 'ஓவியம்' என்று போட்டு வரைந்தவர் பெயர் இருக்கும். ஒரு மாதமாக அந்த இரண்டாவது வரியைக் காணோம். முதல் வாரம் தவறுதலாக விடுபட்டிருக்கும் என்று நினைத்தேன். நான்கு வாரம் ஆகிவிட்டது. அந்த வரியைத் திரும்பப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பத்திரிகைக்கு நான் வரைந்ததில்லை. வேறு இரண்டு மூன்று இதழ்களுக்குக் கடலூரில் இருந்தபடியே வரைந்து அனுப்புகிறவன். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்தேன். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. சம்பளம் கிடையாது, படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்தப் பணமும் படம் அச்சில் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். அதைப் பற்றிப் பேச இப்போது வரவில்லை.

வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். வியாழன் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கதை வரும். வெள்ளி பகல் 12 மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். சில நேரம் கதையே வராது. 'அம்மா, மகன், பஸ் ஸ்டாண்டு, சோகம், மூணு காலம்' என்று ஒரு வரிதான் வரும். மூணு காலம் என்றால் பக்கத்தில் மூன்று பத்தி அகலம். முழுக் கதையையும் அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிவிடுவேன். தொடக்கத்தில் ஒரு தடவை கேட்காமல் விட்டு, கதையில் ஒரு காலை இழந்தவருக்கு இரண்டு காலும் போட்டு அனுப்பினேன். எழுதியவர் தொலைபேசியில் பேசியபோது அவர் குரல் இருந்த விதம் இன்னும் காதில் இருக்கிறது.

நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சுகிற தாள். வீட்டில் வெள்ளை அட்டையில் அழகாகத் தெரிகிற மெல்லிய நிழல், அச்சில் கறுத்துத் திட்டாகிப் போகும். அதனால் நிழலைக் கோடு கோடாகப் போட வேண்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே மை பரவ இடம் விட வேண்டும். வண்ணப் பக்கம் என்றால் நான்கு மை, ஒவ்வொரு மைக்கும் ஒரு அச்சுத் தகடு. ஒரு தகடு நூலளவு நகர்ந்தாலும் போதும், நெற்றியில் இருக்க வேண்டிய குங்குமம் புருவத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடும். நான் பொட்டைக் கறுப்பு மையிலேயே வைத்துவிடுவேன். முகத்தின் கோடும் பொட்டும் ஒரே தகட்டில் இருந்தால் ஒன்றை விட்டு ஒன்று நகராது. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை, வாரா வாரம் அச்சில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்ததே, அந்த வாரமும் வரைந்தேன். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை. அப்புறம் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் ஊர்ப்பக்கம் ஏறியது. கரண்ட் இல்லை. எமர்ஜென்சி விளக்கில் வரைந்து, செல்போனிலேயே படம் பிடித்து, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அனுப்பினேன். அச்சில் பார்த்தால், கடைசி நேரத்தில் கீழே ஒரு விளம்பரம் ஏறி, என் கையெழுத்து இருந்த மூலை போயிருந்தது. பக்கத்தில் பெயரும் இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தத்தைத் தாண்டி வேறு ஒரு விஷயமும் இதில் உண்டு என்று எனக்குப் புரிந்தது அதன் பிறகு நடந்த ஒன்றில்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மீனவக் குடும்பத்துக் கதைக்குப் படம் கேட்டிருந்தார்கள். மகன் வெளிநாடு போய்விட்டான், அப்பா பேசாமல் வலையைச் சரி பண்ணிக்கொண்டே இருக்கிறார். அதுதான் கதை. தேவனாம்பட்டினத்துக்கு சைக்கிளில் போனேன். ஒரு பெரியவர் வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். வலையின் ஒரு கண்ணை இடது கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். வலது கையில் நைலான் நூல் சுற்றிய தட்டையான ஊசி. கண் ஊசியைப் பார்க்கவே இல்லை, கிழிசலின் ஓரத்தைத்தான் பார்த்தது. ஒவ்வொரு முடிச்சுக்கும் கட்டைவிரல் கொஞ்சம் உள்ளே மடங்கி, திரும்ப விறைத்தது. பின்னால் அவர் மனைவி நிலைப்படியில் சாய்ந்து கன்னத்தில் கை வைத்து நின்றார். பத்திரிகைக் கதைக்கு வரைகிறேன், உங்களை மாதிரியே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "போட்டுக்க தம்பி, வலைய மட்டும் சரியா போடு" என்றார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். டீ கொடுத்தார்கள். பத்திரிகை வந்ததும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முடிச்சை எண்ணிப் பார்த்தார்.

போன வருடம் அந்தப் பெரியவரின் பேரன் என்னைத் தேடி வந்தான். கையில் ஒரு பத்திரிகைப் பக்கம். எந்தப் பத்திரிகை என்பது இங்கே தேவையில்லை, உங்களுடையது இல்லை. குடியால் சீரழியும் குடும்பங்கள் பற்றிய கட்டுரை. நடுவே என் படம். கால் நீட்டிய இடத்தோடு வெட்டியிருந்தார்கள், வலை போய்விட்டது. வலை போன பிறகு, குனிந்த தலை போதையில் தொங்கும் தலையாகிவிட்டது. கன்னத்தில் கை வைத்த மனைவி தலைவிதியை நொந்து நிற்பவராகிவிட்டார். இடம் வலமாகத் திருப்பியும் போட்டிருந்தார்கள். அந்த அம்மாவின் முந்தானை வலது தோளில் கிடந்தது. நம் ஊரில் எந்தப் பெண் அப்படிப் புடவை கட்டுகிறாள்? கையெழுத்து இல்லை. யார் வரைந்தது என்று ஒரு எழுத்தும் இல்லை.

அன்றைக்கே போய்ப் பெரியவரைப் பார்த்தேன். கோபப்படவில்லை. "நான் தொட்டதே இல்ல தம்பி. ஊர்ல பாக்குறவன் என்ன நினைப்பான்?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்திரிகை அலுவலகத்துக்குப் பேசினேன். பழைய படங்கள் இருந்த கோப்பில் இருந்து பக்கம் வடிவமைத்தவர் எடுத்துவிட்டார், யாருடையது என்று அதில் குறிப்பு இல்லை, அதனால் கேட்கவில்லை என்றார்கள். பொய் சொல்லவில்லை என்றுதான் நம்புகிறேன். பெயர் இருந்திருந்தால் ஒரு போன் செய்திருப்பார்கள். செய்திருந்தால், இந்தப் படம் வேண்டாம், அரை மணியில் வேறு ஒன்று தருகிறேன் என்று சொல்லியிருப்பேன்.

ஆகவே நான் கேட்பது புகழுக்காக இல்லை. 'ஓவியம்' என்ற வரி இருந்தால் அந்தப் படத்துக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். தப்பாக வரைந்தால் வாசகர் என்னைத் திட்டலாம். திரும்ப எடுத்துப் போடுகிறவர் என்னைக் கேட்கலாம். முகத்தைக் கொடுத்த மனிதருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது.

இது பத்திரிகைக்குப் புதிய விஷயமும் இல்லை. உங்கள் கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர்கள் தினமும் வருகின்றன. 1867ஆம் வருடச் சட்டத்திலேயே இருந்த வழக்கம் அது. அச்சிட்டதற்கு யார் பொறுப்பு என்று தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். அந்தப் பெயருக்கு எவ்வளவு கனம் என்பது எங்கள் பக்கத்து ஊர்க் கதையிலேயே இருக்கிறது. பாரதியார் நடத்திய 'இந்தியா' வார இதழில், சட்டப்படி ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த சீனிவாசன் 1908இல் கைதாகிச் சிறைக்குப் போனார். அந்தக் கைதை ஒட்டித்தான் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார், இதழும் அங்கே வந்தது. கேலிச் சித்திரமும் அதற்கு விளக்கமும் போட்டு நம் மக்களுக்குப் படம் பார்த்து அரசியல் படிக்கச் சொல்லிக் கொடுத்த இதழ் அது.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படத்தின் உரிமையை விற்றுவிட்டாலும் 'இது நான் வரைந்தது' என்று சொல்லும் உரிமையும், பெயருக்குக் கெடுதல் வருகிற மாதிரி சிதைத்தால் தடுக்கும் உரிமையும் வரைந்தவருக்கு உண்டு என்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தை அரசு 1979இல் கழற்றிப் போட்டதற்காகச் சிற்பி அமர் நாத் சேகல் வழக்குப் போட்டார். சிற்பத்தையும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் அவருக்குத் தர வேண்டும் என்று 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான் யார் மேலும் வழக்குப் போடப் போவதில்லை. ஒரு வரிக்கு எதற்கு வழக்கு?

இப்போது கணினியே உருவாக்கும் படங்களும் பக்கங்களில் வரத் தொடங்கிவிட்டன. போடுவதும் போடாததும் உங்கள் முடிவு. போட்டால் அதையும் எழுதிவிடுங்கள். கையால் வரைந்தது எது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும்.

பழைய பத்திரிகை ஓவியர்களில் கோபுலு என்றால் கோபாலன் என்பதும், சில்பி என்றால் சீனிவாசன் என்பதும் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கையெழுத்தைப் படத்தின் மூலையில் தேடிப் பார்த்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. என் அப்பா அப்படித் தேடுவார். சின்ன வயதில் எனக்கும் விரல் வைத்துக் காட்டுவார். நான் இந்த வேலைக்கு வந்ததே அப்படித்தான்.

இன்னொன்று. பெயர் இல்லாமல் வந்த உங்கள் நான்கு படங்களில், இரண்டாவது வாரம் வந்த கிணற்றடிப் படத்தை வெட்டி வைத்திருக்கிறேன். கயிறு ஈரமாக இருப்பதை வெறும் கோட்டிலேயே காட்டியிருக்கிறார், மேலே காய்ந்த பகுதியில் பிசிறும் கீழே நனைந்த பகுதியில் பளபளப்புமாக. நாளிதழ்த் தாளில் அதைக் கொண்டுவருவது லேசில்லை. யார் வரைந்தது என்று தயவுசெய்து தெரிவியுங்கள். அவரிடம் நான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
கெடிலம்
(படங்களில் நான் போடும் பெயர்)
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்