பட்டம் மட்டும் வழியல்ல

ஆசிரியருக்கு,

ஆசிரியர் தகுதி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். முதலில் பட்டம், பிறகு கல்வியியல் என்ற ஒரே பாதையைத்தான் அது சொல்கிறது. பாடத்தையும் கற்பித்தலையும் சேர்த்தே படிக்கும் ஒருங்கிணைந்த படிப்புகள் பல நாடுகளில் உண்டு. இங்கிலாந்தில், பள்ளியில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே தகுதி பெறவும் வழியிருக்கிறது. நடுவயதில் வேறு தொழிலை விட்டு வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி. பின்லாந்திலோ தொடக்கப்பள்ளி வகுப்பாசிரியருக்கே முதுநிலைப் பட்டம் வேண்டும்.

எந்த வழியில் வந்தாலும் சரி, வகுப்பறைப் பயிற்சியில்தான் ஆள் தேறுவது. என் முதல் பயிற்சி வகுப்புக்குப் பக்கம் பக்கமாகப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். பின்வரிசைப் பையன் ஒருவன் “பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்கணும்?” என்று கேட்டான். விதி தெரியும், காரணம் தெரியவில்லை! கணிதத்தில் பட்டம் வாங்கியவள் நான். வகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த மூத்த ஆசிரியை அன்று மாலை ஒரு காகிதத்தை மடித்து மடித்து அதை விளக்கினார். அந்த அரைமணி நேரம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

ஆகவே படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள், எத்தனை வாரம் வகுப்பறையில் இருப்போம், நம் பாடத்தை யார் உட்கார்ந்து கவனிப்பார்கள் என்று முதலில் விசாரிக்கட்டும். கட்டணத்தை அப்புறம் கேட்கலாம்.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியை