கட்டடம் இருக்கட்டும், முதலில் ஆளை வெளியே அனுப்புங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக ஆய்வாளர்களை ஸ்டார்ட்அப் தொடங்க வைப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். நிதி, புதிய நிறுவனங்களுக்கு இடமும் உதவியும் தரும் இன்குபேட்டர் கட்டடம், போட்டிப் பரிசு எல்லாம் வேண்டியவைதான். ஆனால் நாங்கள் சறுக்கிய இடம் வேறு.

தண்ணீரின் தரத்தை அளக்கும் சென்சார் ஒன்றுக்காக எங்கள் குழு நான்கு வருடம் உழைத்தது. முடிவு நன்றாக வந்ததும், சந்தோஷத்தில் அதை விளக்கி ஒரு மாநாட்டில் போஸ்டர் ஒட்டினோம். அதோடு ஐரோப்பியக் காப்புரிமை கைவிட்டுப் போயிற்று. விண்ணப்பிக்கும் முன்பே உலகில் எங்கே வெளியிட்டாலும் ஐரோப்பாவில் அது புதியது அல்ல; புதியதல்லாததற்குக் காப்புரிமை கிடையாது. அமெரிக்காவிலாவது கண்டுபிடித்தவர் வெளியிட்ட பிறகு விண்ணப்பிக்க ஒரு வருட அவகாசம் உண்டு. போஸ்டர் அச்சுக்குப் போகும் முன் "விண்ணப்பம் போட்டாச்சா?" என்று கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் போதும்.

சரி, போனது போகட்டும் என்று கருவியை ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எடுத்துப் போனோம். மூன்று தசம இடம் வரை காட்டுகிறதே என்று எங்களுக்குப் பெருமை. அங்கிருந்த ஆபரேட்டர் திரையைப் பார்க்கவே இல்லை. ஈரக் கையுறையோடு பட்டனை இரண்டு முறை அழுத்தினார். அசையவில்லை. "இதை எப்படிக் கழுவுவது?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான்கு வருடக் குறிப்பேடுகளில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் தொடங்கிய ஐ-கார்ப்ஸ் பயிற்சி இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. பேராசிரியர், இளம் ஆய்வாளர், தொழில் அனுபவமுள்ள வழிகாட்டி என ஒரு குழு, 7 வாரம், பொருளை வாங்கவோ பயன்படுத்தவோ கூடியவர்கள் குறைந்தது 100 பேரிடம் பேசியாக வேண்டும். பேசிப் பார்த்துவிட்டு, இது வியாபாரம் ஆகாது என்று சிலர் கைவிடுவார்கள். கடன் வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

கண்டுபிடிப்பின் உரிமைப் பங்கு விஷயத்திலும் பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் கையைத் தளர்த்தலாம். நார்வேயில் 2003-க்கு முன் கண்டுபிடிப்பு முழுக்க ஆய்வாளருக்கே சொந்தம். பிறகு பெரும்பங்கு பல்கலைக்கழகத்துக்குப் போனது. ஆய்வாளர்கள் தொடங்கும் நிறுவனங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன என்று பொருளாதார ஆய்வாளர்கள் ஹ்விடேவும் ஜோன்ஸும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. பேராசிரியரை முதலாளியாக்க ஏன் இவ்வளவு பாடு? எங்கள் சென்சாரின் ஒவ்வொரு கம்பியும் அத்துப்படியாக இருந்தது ஒரு முனைவர் பட்ட மாணவிக்குத்தான். அந்த ஆபரேட்டரைத் தேடி மறுபடி போய், கழுவும் வழியைக் கேட்டு வந்தவரும் அவரே. உதவித்தொகை முடிந்த மாதமே வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு வருடச் சம்பளத்துக்கு வழி இருந்திருந்தால் நிறுவனத்தை அவரே தொடங்கியிருப்பார். அடுத்த முறை எழுதும்போது, துணைவேந்தர்களோடு அவரைப் போன்றவர்களிடமும் இரண்டு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வாளர்