சாலையைக் கடக்க கிராப் டாக்சி எடுக்கும் ஊரிலிருந்து ஒரு திறந்த மடல்

சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளான துவான், புவான் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பதில் கடிதம் போன வாரம் கைக்குக் கிடைத்தது. நன்றி. 14 மாதம் கழித்தாவது வந்ததே என்று எங்கள் தாமான் (குடியிருப்பு) சங்கத் தலைவர் அதை லேமினேட் செய்யலாமா என்று கேட்டார், கிண்டலுக்குக் கேட்டாரா நிஜமாகவே கேட்டாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

எந்தச் சாலை, எந்த முச்சந்தி என்றெல்லாம் மறுபடியும் விளக்கப் போவதில்லை. பினாங்கு மாநிலத்தில் செபராங் பிறையின் தென்கோடி, பெயரைச் சொன்னால் பினாங்குத் தீவுக்காரர்கள் "அது பேராக் இல்லையா?" என்று கேட்கிற ஊர், நான்கு தடச் சாலை ஒன்று, முச்சந்தி ஒன்று. உங்கள் ஆட்களே மூன்று தடவை மஞ்சள் சட்டையோடு வந்து அளந்துவிட்டு, எதிர்க்கடையில் தே தாரேக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே நடந்து போகிறவர்கள் பொத்தானை அழுத்திக் கடக்கிற மாதிரி ஒரு டிராபிக் லைட் வேண்டும் என்று கேட்டோம். பதிவான விபத்துகள் குறைவு, ஆகவே இப்போதைக்குத் தேவை எழவில்லை என்று சொல்லிவிட்டீர்கள்.

அந்தப் "பதிவான" என்ற சொல் எனக்குத் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

உங்கள் கடிதம் வருவதற்கு மூன்று வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு அக்கா பாசாரிலிருந்து மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு அதே முச்சந்தியில் கடந்தார். பத்து காவான் ஊர்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த பையன், 19 வயது இருக்கும், மோட்டாரில் வந்து மோதிவிட்டான். அக்காவுக்கு மணிக்கட்டு உடைந்தது, பையனுக்குத் தோள்பட்டை எலும்பு. போலீசுக்குப் போகலாமா என்று யாரோ கேட்டதும் அந்தப் பையன் அழுதுவிட்டான். ரோட் டேக்ஸ் முடிந்து நான்கு மாதம், லைசென்ஸும் புதுப்பிக்கவில்லை. நடுரோட்டில் உட்கார்ந்திருந்த அக்கா, கையைப் பிடித்துக்கொண்டே, "போடா, முதல்ல போய்க் கட்டுப் போட்டுக்கோ" என்றார். அவ்வளவுதான். 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்வது தெரியும், செய்யாதது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன, ஐம்பது வெள்ளி (ரிங்கிட்), ஒரு சாரி, மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு விசாரிப்பு. உங்கள் கோப்பில் அந்தச் சனிக்கிழமை ஒன்றுமே நடக்கவில்லை.

இந்த நாட்டில் ஆபத்தான இடங்களை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். உயிர் போன விபத்துக்கு 6 புள்ளி, பலத்த காயத்துக்கு 3, லேசான காயத்துக்கு 0.8, வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் 0.2. எல்லாவற்றையும் கூட்டி, அதிகமாக வருகிற இடத்தைக் கரும்புள்ளி என்கிறார்கள். இந்த முறையைக் குறை சொல்ல நான் வரவில்லை. காசு குறைவாக இருக்கும்போது, எங்கே அதிகம் பேர் சாகிறார்களோ அங்கே முதலில் போவதுதான் நியாயம். ஆனால் பயந்துபோய்ச் சாலையைக் கடப்பதையே நிறுத்திவிட்டவர்களுக்கு எத்தனை புள்ளி என்று தேடினேன். அப்படி ஒரு வரிசையே அந்தக் கணக்கில் இல்லை.

என் அம்மா அந்த இல்லாத வரிசையில் இருக்கிறார்.

அவருக்கு 73 வயது. முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், விடியற்காலை நான்கு மணிக்கு இருட்டில் சைக்கிள் மிதித்தவர், பாம்புக்கோ பன்றிக்கோ பயந்து நான் பார்த்ததில்லை. இப்போது இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, இரண்டு முழங்காலிலும் வலி. மாதம் இரண்டு தடவை அரசாங்க கிளினிக் போக வேண்டும். கிளினிக் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், எங்கள் தாமானுக்கு நேர் எதிரே. வாசலில் நின்றால் பெயர்ப்பலகை தெரியும். சாலையை நீங்கள் அகலப்படுத்துவதற்கு முன்னால் இரண்டு தடம்தான், அப்போதெல்லாம் நடந்தே போய் நடந்தே வந்துவிடுவார். இப்போது கிராப் எடுக்கிறார்.

ஆமாம், சாலையைக் கடக்கத்தான். யூ டர்ன் 1.4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே போய்த் திரும்பி வர வேண்டும். போக 6 வெள்ளி, வர 6 வெள்ளி. முதல் தடவை வந்த டிரைவர் பாக்சிக் போன் திரையைப் பார்த்தார், கிளினிக்கைப் பார்த்தார், "ஆண்ட்டி, செபராங் சாஜா கான்?" என்று சிரித்தார். செபராங் என்றால் எதிர்ப்பக்கம், எதிரே தானே என்கிறார்! செபராங் பிறையில் வாழ்கிறவர்களிடம் செபராங் எவ்வளவு தூரம் என்று அவர் கேட்டிருக்கக் கூடாது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிளினிக்கில் அந்த 1 வெள்ளிப் பதிவுக் கட்டணம்கூடக் கிடையாது, மருந்தும் இலவசம், அரசாங்கத்துக்கு நன்றி. அந்த இலவச மருந்தை வாங்க மாதம் 24 வெள்ளி.

பாதசாரி மேம்பாலத்தைப் பயன்படுத்தலாம் என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். 700 மீட்டர் தள்ளி இருப்பதைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 46 படி ஏறி 46 படி இறங்க வேண்டும், எண்ணிப் பார்த்தேன். முழங்கால் வலிக்கு மருந்து வாங்கப் போகிறவர் அதில் ஏறி இறங்கி வந்தால் டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

ஒரு நாள் ஆத்திரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுவில் இருக்கும் தடுப்பு வரைக்கும், அதாவது பாதிச் சாலை, 8 மீட்டர். அம்மாவை வீட்டு ஹாலில் இரண்டு நடை நடக்கவிட்டுப் போனில் நேரம் பார்த்தேன், 8 மீட்டருக்கு 11 வினாடி. சாலை வளைவு முச்சந்தியிலிருந்து ஏறக்குறைய 250 மீட்டர், அதற்கு அப்பால் வருவது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு 90 கிலோமீட்டரில் வருகிற மண் லோரி அந்த 250 மீட்டரை 10 வினாடியில் கடந்துவிடும். அதாவது சாலை காலியாக இருக்கிறது என்று பார்த்து அம்மா காலை எடுத்து வைத்த பிறகு வளைவில் தோன்றும் லோரி, அவர் தடுப்பைத் தொடுவதற்கு ஒரு வினாடி முன்னால் வந்து சேரும். அதே லோரி, நீங்கள் நட்டு வைத்திருக்கும் பலகையில் எழுதியிருக்கிறபடி 60இல் வந்தால் 15 வினாடி ஆகும். அம்மா கடந்துவிடுவார், நான்கு வினாடி மிச்சம்கூட இருக்கும். உங்கள் பலகை சொல்வதை யாராவது கேட்டிருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. (தமிழ்ப்பள்ளி வாசலில் 30 என்று இன்னொரு பலகை இருக்கிறது. அதன் மேல் ஒரு டியூஷன் சென்டரின் பேனர் தொங்குகிறது.)

அதனால்தான் கேட்கிறோம், ஒரு பொத்தான், ஒரு சிவப்பு விளக்கு, அரை நிமிஷம்.

நாட்டுக் கணக்கையும் கொஞ்சம் பார்த்தேன், அதிலும் இதே கதைதான். 2019இல் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். 2021இல் 4,539. அடடா, எவ்வளவு குறைந்துவிட்டது! கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்தது, பாதிப் பேர் வீட்டில் இருந்தோம், அதான் குறைந்தது. சாலையில் யாருக்கும் திடீரென்று பொறுப்பு வந்துவிடவில்லை. கதவைத் திறந்துவிட்டதும் 2022இல் 6,080, 2023இல் 6,443. வீட்டுக்குள் இருந்தால் யாரும் வண்டியில் அடிபட மாட்டார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? எங்கள் முச்சந்தியில் பாதசாரிகளுக்கு அந்த ஆணை இன்னும் நீங்கவில்லை. அதைத்தான் உங்கள் கோப்பு "விபத்து குறைவு" என்று எழுதி வைத்திருக்கிறது.

இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். அக்காவை மோதிய பையனும் அந்தக் கூட்டத்தில்தான் தினமும் போய் வருகிறான், அவனைத் திட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. மோட்டாருக்கென்று தனிப் பாதையை 1970களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் போட்டு உலகத்துக்கே காட்டிய நாடு இது. பத்து காவானில் இத்தனை தொழிற்சாலை வந்த பிறகும், 12 மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவன் லோரிக்கும் டிவைடருக்கும் நடுவில் இருக்கிற அரை மீட்டரில்தான் வீடு திரும்புகிறான்.

அப்புறம், முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், முடியும் என்பதை வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் கண்ணாலேயே பார்க்கிறோம். திருவிழா அன்று இரவு ரதம் அந்த முச்சந்திக்கு வந்ததும் போலீஸ்காரர் கையைக் காட்டுவார், இரண்டு பக்கமும் லோரி நிற்கும், பஸ் நிற்கும், ஹார்ன்கூட அடிக்க மாட்டார்கள். எங்கள் ஊர் அம்மன் நிதானமாக, ஆடி அசைந்து, பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டு கடப்பாள். கூட்டத்தோடு கூட்டமாக என் அம்மாவும் அன்றைக்கு மட்டும் நடந்தே கடப்பார். போன வருஷம் நடுச்சாலையில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்படி நிற்கிற போலீஸ்காரர்களை நாங்கள் மறப்பதும் இல்லை. 2025 மே மாதம் தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாப் பாதுகாப்பு முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் 9 பேரைக் கல் லோரி மோதிப் பறிகொடுத்தோமே, அன்றைக்கு எங்கள் கோவிலிலும் விளக்கு ஏற்றினோம். அதற்கு நான்கு வாரத்துக்குள் கெரிக் பக்கத்தில் பஸ் கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள். அப்புறம் கொஞ்ச நாள் எல்லாரும் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்கள்.

பேசுவதற்கு நம் நாட்டில் என்றைக்கும் குறை இருந்ததில்லை. பெருநாள் வந்தால் ஓப்ஸ் என்கிற போலீஸ் சோதனை, ஓப்ஸ் வந்தால் பேனர், பேனரில் தலைவர் படம் பெரிதாக, சீட் பெல்ட் படம் சின்னதாக. இலவச ஹெல்மெட் கொடுக்கும் நிகழ்ச்சி, அதற்கு வருகிற வண்டிகள் எல்லாம் சாலையோரத்தில் இரண்டு வரிசையாகப் பார்க்கிங். தேர்தல் வந்தால் தார் வரும், தேர்தல் போனால் தாரும் போகும். புகார் கொடுத்தால் "டாலாம் திண்டாக்கான்", அதாவது நடவடிக்கையில் இருக்கிறது, என்று பதில் வரும். கூட்டரசுச் சாலை ஓர் அலுவலகம், தாமான் சாலை ஓர் அலுவலகம், வேகத்தைப் பிடிப்பது வேறோர் அலுவலகம், யாருக்கு எழுதினாலும் மற்ற இரண்டு பேருடைய முகவரி பதிலாக வருகிறது. அதனால்தான் இந்த மடலில் யார் பெயரும் போடவில்லை. மூன்று பேரும் படித்து, இது நமக்கு இல்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மன்னிக்க வேண்டும். விளக்கு கேட்க வந்தவன் எங்கெங்கோ போய்விட்டேன். உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை இருக்கும், மேலே இருந்து பணம் வர வேண்டும், எல்லாம் தெரியும். சாலை மரணங்களை 2030க்குள் பாதியாகக் குறைப்போம் என்று நாட்டின் திட்டம் சொல்கிறது. அந்தப் பாதியில் எங்கள் முச்சந்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மேம்பாலம் வேண்டாம், பெரிய வேலை எதுவும் வேண்டாம். பொத்தான் வைத்த ஒரு டிராபிக் லைட். அது வருகிற வரைக்கும், கிளினிக் திறக்கும் நேரத்திலும் பள்ளி விடும் நேரத்திலும் ஒருவர் நின்று வண்டியை நிறுத்தினாலும் போதும். அந்த டியூஷன் பேனரை மட்டும் இந்த வாரமே கழற்றிவிடலாம், அதற்கு ஆய்வு எதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அளக்க வரும்போது வண்டிகளை எண்ணுவது போல, ஓரத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுக் கடக்காமலே திரும்பிப் போகிறவர்களையும் எண்ணுங்கள். காலை 7 முதல் 9 மணி வரை நின்றால் போதும். தே தாரேக் நான் வாங்கித் தருகிறேன்.

அம்மாவுக்கு அடுத்த கிளினிக் நாள் வருகிற மாதம் 12ஆம் தேதி. காலை ஏழரைக்கு நானும் அவரும் முச்சந்தியில் நிற்போம். உங்களில் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்துக் கடக்க வைத்துப் பாருங்கள். வர முடியாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், கிராப் புக் பண்ண வேண்டும்.

இப்படிக்கு,
கிளினிக்குக்கு எதிர்ப்புறம் குடியிருக்கும் ஒரு மகன்