நாற்று விற்கும்போது வேரையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழையை நம்பி, ஆலங்குளம், சுரண்டை பக்கத்து மானாவாரிக்காரர்கள் தைலமர நாற்றுக்கு இப்போதே அலைய ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் என் செவல் காட்டில் நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் எழும்பவே இல்லை. காலையில் நன்றாக நிற்கும். உச்சி வெயிலில் தலை தொங்கிவிடும். இலையும் வெளிறிப்போனது. தண்ணீர் பத்தவில்லை என்று நாற்று கொடுத்தவர் சொன்னார். மண்ணில் ஈரம் இருந்ததே! ஒரு கன்றைத் தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசினேன். சல்லி வேரைக் காணோம். இருந்த பக்க வேர்களில் கடுகும் மிளகும் கோத்தது மாதிரி வரிசையாகப் புடைப்பு. நடாமல் மிஞ்சிக் கிடந்த பைகளைக் கிழித்துப் பார்த்தால் அதிலும் அதேதான். ஆக, வேர்முடிச்சு நூற்புழு, அதாவது மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து முடிச்சு உண்டாக்கும் நுண்ணிய புழு, பை மண்ணோடுதான் வந்திருக்கிறது.

“உளுந்து வேரிலும் முடிச்சு உண்டே, அது நல்லதுதானே?” என்று பக்கத்துக் காட்டு அண்ணாச்சி கேட்டார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உளுந்து முடிச்சு வேரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு அப்படியில்லை, வேரே வீங்கிப்போவது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தைலமரத்துக்குத் தழைச்சத்து சேர்க்கும் முடிச்சு கிடையவே கிடையாது.

இந்தப் பெண் புழு வேருக்குள்ளேயே தங்கி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். நம் ஊர் வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். தைலமரம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வாதம். மரத்தை நான்கைந்து வருடத்தில் வெட்டிவிடலாம், புழு நிலத்தை விட்டுப் போகாது. நாளைக்கு அங்கே தக்காளியோ கத்தரியோ போட்டால் அதையும் பிடிக்கும்.

நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் தக்காளி, கத்தரி, வெண்டை எடுத்த தோட்டத்து மண்ணைப் பையில் நிரப்பவே கூடாது. பங்குனி, சித்திரையில் மண்ணை மெல்லிசாகப் பரப்பி, நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் மூடி, ஓரத்தில் மண் அணைத்து 4 முதல் 6 வாரம் விட்டால், அந்த வெயிலிலேயே பெரும்பாலான புழு செத்துவிடும். சாரல் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். தாள் வாங்கும் செலவுதான். வெயிலுக்கு நம்மிடம் என்ன குறை?

சரி, இந்த வருட நாற்று ஏற்கெனவே பையில் இருக்கிறது. அதனால் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு பாத்தியிலும் இரண்டு பையைக் கிழித்து, வேரை அலசிக் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டுக்கும் காசு கொடுத்துவிடலாம், தப்பில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்குத் தனித் துறையே இருக்கிறது, பக்கத்தில் கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. அவர்கள் துணையோடு நெல்லை, தென்காசி மாவட்ட நிர்வாகங்கள் நாற்றங்கால்களில் மண்ணையும் வேரையும் சோதித்து, முடிவை வாசல் பலகையில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். புரட்டாசிக்குள் செய்தால் இந்த வருடமே உதவும்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி,
ஆலங்குளம்