ஷீட்டில் விழுந்தது ஒன்று

ஆசிரியருக்கு வணக்கம்.

தொண்டு நிறுவன ஊழியர்களின் வேலையையும் கம்பெனி மாதிரி எண்ணிக்கை வைத்து அளக்க வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் 14 வருடம் களப்பணி பார்த்தவள் நான். அளக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அடுத்தவர் கொடுத்த பணத்தில் சம்பளம் வாங்குகிறோம், கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் எதை எண்ணுகிறோம்?

என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். எங்களில் ஒருவர் நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரைக்குப் போனார். மண் வெட்டிக்கொண்டிருந்த பெண்களை அரை மணி நேரம் உட்கார வைத்துக் குழந்தைத் திருமணம் பற்றிப் பேசினார், போட்டோ எடுத்தார். வேலைக் கணக்கு எழுதும் ஷீட்டில் அறுபது பேர் ஏறியது. எங்களில் இன்னொருவர், ஒரு பெண் ஊழியர், பொங்கல் முடிந்ததும் பெற்றோரோடு திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளைக்காக அலைந்தார். அப்பா முன்பணம் வாங்கியிருந்ததால் மேஸ்திரி பிள்ளையை அனுப்ப மறுத்தார். நான்கு தடவை பஸ் ஏறிப் போய்ப் பேசி, கூட்டி வந்து பாட்டி வீட்டில் விட்டு, தலைமை ஆசிரியரிடம் கெஞ்சி முழுப் பரீட்சை எழுத வைத்தார். ஷீட்டில் அதற்கு விழுந்தது ஒன்று.

மார்ச்சில் அப்ரைசல். முதலாமவருக்கு இன்கிரிமென்ட், இவருக்கு ‘டார்கெட் எட்டவில்லை’ என்று கடிதம். அடுத்த வருடம் இவரும் ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

தொண்டுப் பணிகளுக்குக் கம்பெனிகள் கொடுக்கிற சமூகப் பொறுப்பு நிதிக்கு 2021-ல் திருத்திய விதிகளே, பெரிய கம்பெனிகள் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களின் தாக்கத்தை, அவை முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு வெளி அமைப்பை வைத்துப் பார்க்கச் சொல்கின்றன. திட்டம் என்றால் பலன் தெரிய நாளாகும் என்று ஒத்துக்கொள்கிறோம். அதில் உழைக்கிறவருக்கு மட்டும் ஏன் மார்ச் 31 கெடு?

நிதி கொடுப்பவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஊழியரை மதிப்பிடும்போது, அவர் வேலை பார்த்த ஊரில் நாலு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விசாரியுங்கள். போன வருடம் மீட்ட பிள்ளை இந்த வருடமும் பள்ளியில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மார்க் போடுங்கள். அன்றைக்கு அந்தப் பாட்டியிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முன்னாள் களப்பணியாளர்,
விழுப்புரம் மாவட்டம்