ரிட்ஜ் ரோடு டாக்டர்

அன்புள்ள கயல் அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் "ரெசிடென்சி முடியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம் எழுத்தையெல்லாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உனக்கு ஆஸ்பத்திரி ரவுண்ட்ஸுக்கு நேரமாகியிருக்கும், நானும் மேலே பேசவில்லை. ஆனால் ராத்திரி படுத்தும் தூக்கம் வரவில்லை. வாட்ஸப்பில் இரண்டு வரியில் சொல்கிற விஷயமில்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ விட்டுப்போன புத்தகப் பெட்டியில் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸின் சுயசரிதை இருந்தது. இரண்டு மாதமாக அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத்தான் படிக்கிறேன். கவிஞர் என்று நினைத்து எடுத்தேன், பார்த்தால் மனுஷன் டாக்டர், அதுவும் குழந்தைகள் டாக்டர், அதுவும் அமெரிக்காவில் நீ இப்போது இருக்கும் பேட்டர்சனுக்குப் பக்கத்து ஊர்! 1883-ல் ரூதர்ஃபோர்டில் பிறந்து, அங்கேயே ரிட்ஜ் ரோடு 9-ஆம் நம்பர் வீட்டில் குடும்பத்தையும் கிளினிக்கையும் வைத்து, 1963-ல் அதே ஊரில் கண்ணை மூடியவர். நாற்பது வருஷம் வைத்தியம். கிட்டத்தட்ட 3,000 பிரசவம் பார்த்திருப்பார் என்கிறார்கள். லேபர் வார்டில் நின்றவளுக்குத்தான் அந்த எண்ணிக்கையின் கனம் தெரியும், எத்தனை ராத்திரிகள் அதில் போயிருக்கும் என்று.

இவருக்கு எப்போது நேரம் கிடைத்தது என்பதைத்தான் நான் தேடித் தேடிப் படித்தேன். கிளினிக் மேஜையில் டைப்ரைட்டரைப் பொருத்தி வைத்திருந்தாராம், பலகையைத் தூக்கினால் மேலே வரும். ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் நாலு வரி தட்டுவார், கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மெஷினை மடக்கி உள்ளே தள்ளிவிட்டு டாக்டராகிவிடுவார். வெளியில் போகும்போது மருந்துச் சீட்டிலேயே கிறுக்கிக்கொள்வார். 1918 காய்ச்சல் காலத்தில் ஒரு நாளைக்கு 60 வீடு வரை ஏறி இறங்கினோம் என்று எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட வேலைக்கு நடுவில்தான் எல்லாம் எழுதினார் அம்மிணி, ரிட்டையர் ஆன பிறகு இல்லை.

1909-ல் சொந்தச் செலவில் உள்ளூர் அச்சகத்தில் போட்ட முதல் புத்தகம், விலை 25 சென்ட், விற்றது நாலு பிரதியோ என்னவோ. கல்லூரித் தோழன், கவிஞர் எஸ்ரா பவுண்ட் ஐரோப்பாவுக்குப் போய்ப் பெரிய ஆளாகி, நீ அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்கிற மாதிரியே எழுதிக்கொண்டிருக்க, இவர் மட்டும் மில் தொழிலாளர் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். இத்தாலியில் இருந்தும் போலந்தில் இருந்தும் வந்த குடும்பங்கள். இவருடைய அம்மா போர்ட்டோ ரிக்கோக்காரர், வீட்டில் ஸ்பானிஷ், அப்பா கடைசிவரை பிரிட்டிஷ் குடிமகன். அதனாலோ என்னவோ ஜனங்கள் பேசுகிற பேச்சை இவர் காது அப்படியே பிடித்தது. இந்த மொழி உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், போலந்துத் தாய்மார்களின் வாயிலிருந்து என்பாராம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது இதைப் படித்த பிறகுதான்.

அவருடைய கதை ஒன்று, தொண்டை அடைப்பான் பற்றியது, நீ படித்திருப்பாய். காய்ச்சலோடு இருக்கும் ஒரு பெண் குழந்தை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. அப்பா மடியில் வைத்துப் பிடித்திருக்கிறார், டாக்டர் உள்ளே விட்ட மரக் குச்சியை அது கடித்து நொறுக்கிவிடுகிறது, வாயில் ரத்தம். அதோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டருக்கு ஆத்திரம் ஏறிவிடுகிறது, கரண்டி கேட்டு வாங்கி பலவந்தமாகத் திறந்து பார்க்கிறார், டான்சில் முழுக்க வெள்ளைப் படலம். மூன்று நாளாக அந்தக் குழந்தை அதை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறது. இதில் அவர் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. அந்தக் குழந்தையை அடக்குவதில் தனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறார்.

அதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1989-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு பையன், ஆறு வயசு இருக்கும். டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்க, நான் அவன் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்திருந்தேன். அவன் பாதம் என் அடிவயிற்றில் உதைத்துக்கொண்டே இருந்தது, குதிகாலில் காய்ந்த செம்மண். பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு ராத்திரி டியூட்டி ரூமில் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் அதை எழுத ஆரம்பித்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தேன். 31 வருஷம் சர்வீஸ் முடிந்துவிட்டது, அந்தச் சீட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. அவன் முகம் எனக்கு ஞாபகம் இல்லை அம்மிணி, அந்தக் குதிகால் மட்டும்தான் இருக்கிறது.

சிவப்புத் தள்ளுவண்டி கவிதை உனக்குத் தெரியும், நீதான் பிளஸ் டூ படிக்கும்போது எனக்கு வாசித்துக் காட்டினாய், மொத்தமே 16 வார்த்தை. மழையில் நனைந்த வண்டி, பக்கத்தில் வெள்ளைக் கோழிகள். மார்ஷல் என்ற வயதான கறுப்பினத்தவரின் கொல்லையில் பார்த்தது, அவர் மேல் இருந்த பிரியத்தில் எழுதியது என்று வில்லியம்ஸே சொல்லியிருக்கிறார். அந்தக் கவிதை வந்த புத்தகம் 1923-ல் பாரிஸில் 300 பிரதிதான் போட்டார்கள், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதற்கு முந்தின வருஷம் கவிஞர் எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' என்ற நீண்ட கவிதை வந்து எல்லாரையும் அந்தப் பக்கம் இழுத்துவிட்டது, அணுகுண்டு விழுந்த மாதிரி இருந்தது, தன்னை இருபது வருஷம் பின்னால் தள்ளிவிட்டது என்று புலம்பியிருக்கிறார். ஆனாலும் மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார் இல்லையா. 'பேட்டர்சன்' என்று உன் ஊர் பெயரிலேயே நீண்ட கவிதை, முதல் பாகம் 1946-ல், அப்போது அவருக்கு 62 வயசு. அந்த அருவியை நீ போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதுதான் அதில் பேசுகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உன் அம்மாவே இல்லை. இவர் வெளியே இவ்வளவும் செய்ய, அந்த வீட்டில் போன் எடுத்து, நேரம் கெட்ட நேரத்தில் சோறு போட்டு, இரண்டு பையன்களை வளர்த்தது மனைவி ஃப்ளாஸி. அந்த மனைவிக்கு இவர் உண்மையாகவும் இருக்கவில்லை. அதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உனக்கு ஒரு ஃப்ளாஸி கிடைக்கப்போவதில்லை, சமையலையும் நீயே பார்த்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கும், எனக்குத் தெரியும்.

சுயசரிதை 1951-ல் முடிந்துவிடுகிறது, மீதியை நெட்டில் படித்தேன். அந்த வருஷமே ஸ்ட்ரோக், அடுத்த வருஷம் இன்னொன்று. காங்கிரஸ் நூலகத்தில் கவிதைக்கான ஆலோசகர் பதவி கொடுத்துவிட்டு, கம்யூனிஸ்ட் தொடர்பு என்று யாரோ கிளப்பிவிட, கடைசிவரை அதில் உட்காரவே விடவில்லை. மனசு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வலது கை சரியாக வராமல் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ஃப்ளாஸியிடம் மன்னிப்புக் கேட்கும் ஒரு நீண்ட கவிதை எழுதியிருக்கிறார், ஆஸ்ஃபோடல் என்ற பூவின் பேரில். அவர் இறந்த பிறகுதான் புலிட்சர் விருது வந்தது.

உன்னைப் பெரிய கவிஞர் ஆகச் சொல்லவில்லை அம்மிணி. நேற்று அந்த ஐந்து வயசுப் பெண் ஸ்டெதஸ்கோப்பை வாங்கித் தன் பொம்மைக்கு வைத்துப் பார்த்தாள் என்று சொன்னாய் இல்லையா, அதை இன்றைக்கு எழுது. பெயர், ஊர் எதுவும் வேண்டாம், அது நோயாளியின் சொத்து. பொம்மை எப்படி இருந்தது, அவள் என்ன சொன்னாள், அவ்வளவு போதும். மூன்று வருஷம் கழித்து உனக்குப் பொம்மை மட்டும்தான் ஞாபகம் இருக்கும், அவள் சொன்னது போயிருக்கும்.

பார்சல் புதன்கிழமை போட்டேன். பருப்புப் பொடி, இட்லிப் பொடி இரண்டுக்கும் அடியில் சின்ன நோட்டு ஆறு வைத்திருக்கிறேன், நம் கடைவீதியில் அளவு பார்த்து வாங்கினேன். உன் வெள்ளைக் கோட்டுப் பையில் அடங்குகிறதா என்று போட்டுப் பார்த்துச் சொல், பெரிதாக இருந்தால் வேறு அனுப்புகிறேன்.

அம்மா